மருத்துவமனைக் கழிவுநீரில் கரைந்த மருந்து: யுவி விளக்கா, கரித் தொட்டியா?

யுவி (புற ஊதா ஒளி) விளக்கு விற்க வருபவர் காட்டும் வரைபடத்தில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக்தான் இருக்கும். மூட்டுவலிக்குப் போடும் அதே மருந்துதான். ஒளி பட்டால் சீக்கிரம் உடையும் சாதி அது, அதனால் கோடு சரசரவென்று கீழே இறங்கும், பார்க்க நன்றாக இருக்கும். அதே விளக்கில், அதே நேரத்தில், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன் எவ்வளவு குறைகிறது என்று கேட்டுப் பாருங்கள். கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். இரண்டும் மருந்துதான், ஆனால் இரண்டுக்கும் ஒரே எந்திரம் பதில் சொல்லாது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்பியதுதான்.

பினாங்கில் நடுத்தர அளவுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் கட்டடப் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் மூன்று விலைப்பட்டியல்களை அனுப்பி, "தம்பி, இதுல எத எடுக்கலாம்னு பாத்துச் சொல்லு" என்றார். முதலாவது வெறும் யுவி. இரண்டாவது யுவியோடு ஹைட்ரஜன் பெராக்சைடு. மூன்றாவது ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது கரி நிரப்பிய தொட்டி. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பலருக்கு வரப்போகிறது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், அளவு தெரியாமல் ஒப்பிடுவதில் பயனில்லை. மலேசியக் கழிவுநீர் வழிகாட்டியில் மருத்துவமனைப் படுக்கை ஒன்றுக்கு 4 பேர் என்று கணக்கு, ஒரு ஆளுக்கு நாளைக்கு 225 லிட்டர். 250 படுக்கை என்றால் ஆயிரம் பேர், நாளைக்கு 225 கன மீட்டர் தண்ணீர். இந்த மருத்துவமனைக்குச் சொந்தமாகச் சுத்திகரிப்புத் தொட்டி இருக்கிறது, காற்று ஊதிக் கிருமிகளை வளர்க்கும் வழக்கமான முறை. இப்போது வாங்க நினைப்பது அதற்கு அப்புறம் வரும் கட்டம்.

யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா? இல்லை. 2009-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரக் கழிவுநீர் விதிகளில் ஏ தரம், பி தரம் என்று இரண்டு இருக்கிறது. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே விடுகிற நீருக்கு ஏ தரம், பிஓடி (நீரிலுள்ள கரிம மாசை உடைக்கக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 20 மில்லிகிராம். மற்ற இடங்களுக்கு பி தரம், 50. இரண்டிலும் மருந்துகளுக்கு வரம்பு கிடையாது. ஆனால் உலகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெளிவு. சுவிட்சர்லாந்து 2016-இலிருந்தே பெரிய நிலையங்களில் நுண்மாசுகளை, அதாவது மருந்து போல மிகச் சிறு அளவில் கரைந்திருக்கும் மாசுகளை, 80 சதவீதம் நீக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் திருத்திய நகரக் கழிவுநீர்ச் சட்டத்தில், ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சேவை செய்யும் நிலையங்கள் 2045-க்குள் இதைச் செய்தாக வேண்டும், செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து நிறுவனங்களும் அழகுசாதன நிறுவனங்களும் ஏற்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அந்தக் கடைசி வரியை நம்மூரில் யாராவது எழுதினால் எனக்கு ரொம்ப சந்தோஷம், அது வேறு கதை.

கட்டாயம் இல்லாவிட்டால் எதற்குச் செய்ய வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பரிசோதனையைச் சொல்லலாம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் இருக்கின்றன. அதில் ஒரு ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கலந்தார்கள், லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில்தான். ஆண் மீன்களில் பெண் தன்மை வந்தது, அங்கிருந்த சிறு மீன் இனம் கிட்டத்தட்ட அழிந்தே போனது. இங்கே லங்காட் ஆற்று நீரிலும் வலி மருந்து, இரத்தக்கொதிப்பு மருந்து, இனிப்பு நீர் மருந்து என்று பலவற்றை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். குடித்தால் உடனே யாருக்கும் எதுவும் ஆகிவிடாது, அந்த அளவில் இல்லை. மீனுக்கும் பாசிக்கும் கிருமிகளின் மருந்து எதிர்ப்புக்கும்தான் முதல் அடி.

சரி, இப்போது தண்ணீருக்குள் போவோம்.

இருக்கிற தொட்டியே நிறைய வேலை செய்கிறது, இதை விலைப்பட்டியல் கொடுப்பவர்கள் சொல்ல மாட்டார்கள். நாம் பெனடால் என்று வாங்கும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டும் நன்றாக ஓடும் தொட்டியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கிருமிகளுக்கே உணவாகிவிடும். மெட்ஃபார்மின் இன்னும் சுவாரசியமானது. இனிப்பு நீர் இருக்கும் வீடுகளில் காலை மாலை இரண்டு வேளையும் விழுங்கும் மாத்திரை இது, உடம்பு இதை மாற்றாமல் அப்படியே சிறுநீரில் தள்ளிவிடும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று வந்தது, ஆகவே கழிவுநீரில் எடை போட்டால் முன்வரிசையில் நிற்கும் மருந்து இதுவாகத்தான் இருக்கும். இந்த மெட்ஃபார்மின் யுவிக்கு மசியாது, ரொம்பவும் நீரோடு ஒட்டுகிற மூலக்கூறு என்பதால் கரியிலும் சரியாகப் பிடிக்காது. அதை உடைப்பது கிருமிகள்தான், அதுவும் முழுசாக அல்ல, குவானைல்யூரியா என்ற வேறொரு பொருளாக மாற்றிவிட்டு நின்றுவிடும்.

அதனால் நான் முதலில் கேட்டது, "அண்ணே, உங்க ப்ளோவர் ரெண்டும் ஓடுதா?" என்றுதான். ப்ளோவர் என்றால் தொட்டிக்குக் காற்று ஊதும் எந்திரம். மின்கட்டணத்தைக் குறைக்க இரவில் ஒரு ப்ளோவரை நிறுத்திவைக்கும் பழக்கம் நிறைய இடங்களில் உண்டு. சேற்றை அடிக்கடி வெளியேற்றாமல் அதிக நாள் உள்ளேயே வைத்து, காற்றை ஒழுங்காக ஊதினால் மெதுவாக வளரும் கிருமிகள் தங்கும், அம்மோனியா நைட்ரேட்டாக மாறும், அந்தக் கட்டத்துக்கு வந்த தொட்டியில்தான் மருந்தும் கூடுதலாகக் குறையும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் இதற்குப் படாதபாடு படுகிறார்கள். நமக்குத் தண்ணீர் வருடம் முழுக்க 28, 30 டிகிரியில் இருக்கிறது, கிருமிகளுக்குக் கொண்டாட்டம்தான். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் நேராக விளக்கு வாங்கப் போவது காசைக் கொட்டும் வேலை.

வெறும் யுவி

விளக்கு என்றால் குறைந்த அழுத்தப் பாதரச விளக்கு, 254 நானோமீட்டரில் ஒளி விடும். கிருமி கொல்ல இது அருமையான கருவி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழப்பம் எங்கே வருகிறதென்றால், கிருமியின் மரபணுவைச் சேதப்படுத்தத் தேவையான ஒளியும் ஒரு மருந்து மூலக்கூறை உடைக்கத் தேவையான ஒளியும் ஒரே அளவு என்று நினைத்துக்கொள்வதில். கிருமிநீக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் என்பது வழக்கமான அளவு. டைக்ளோஃபினாக் ஒழுங்காகக் குறையவே சில நூறு வேண்டும். சல்ஃபாமெதாக்சசோல் என்ற கிருமிக்கொல்லிக்கும், சிடி ஸ்கேனுக்கு முன் நரம்பில் ஏற்றும் அயோடின் சாய மருந்துகள் பலவற்றுக்கும் ஆயிரம் பக்கம் போக வேண்டும். கார்பமசெபைனுக்கு ஆயிரம் கொடுத்தாலும் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே அதிகம்.

ஆக, "எங்கள் யுவி கிருமியையும் கொல்லும், மருந்தையும் நீக்கும்" என்று 40 மில்லிஜூல் எந்திரத்தைக் காட்டினால் பாதி உண்மை. முதல் விலைப்பட்டியல் அப்படித்தான் இருந்தது. கிருமிநீக்கத்துக்கு என்றால் வாங்கலாம், மருந்துக்கு என்றால் வேண்டாம்.

இன்னொன்று, தண்ணீரின் தெளிவு. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது வேறு, 254-க்குத் தெளிவு வேறு. உயிரியல் தொட்டியிலிருந்து வரும் நீரில் ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் 60 முதல் 70 சதவீதம் ஒளிதான் மிஞ்சும். 65 என்று வைத்துக்கொண்டால் மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் தண்ணீருக்கு 27 சதவீதம்தான் போய்ச் சேரும். சிங்கப்பூரில் கழிவுநீரை மறுபடி சுத்தமாக்கும் நியூவாட்டர் திட்டத்தில் யுவி நன்றாக வேலை செய்கிறதே என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே யுவிக்கு முன்னால் நுண்வடிகட்டலும் எதிர்ச் சவ்வூடு பரவலும் (நீரை மட்டும் விடும் சவ்வு வழியாக அழுத்தித் தள்ளுவது) இருக்கின்றன, அந்த நீரில் ஒளி 95 சதவீதத்துக்கு மேல் கடக்கும், மூன்று சென்டிமீட்டர் தள்ளியும் 86 சதவீதம் மிஞ்சும். நம் தொட்டி நீருக்கும் அதற்கும் ஒப்பீடே கிடையாது.

உடைந்த துண்டுகளைப் பற்றியும் பேச வேண்டும். ஒளி ஒரு மருந்தை உடைத்தது என்றால் அது கரியமில வாயுவும் தண்ணீருமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கார்பமசெபைனிலிருந்து அக்ரிடின் வருகிறது, அது நல்ல பொருளில்லை. டைக்ளோஃபினாக் ஒளியில் உடைந்த கலவை பாசிகளுக்கு மூல மருந்தைவிட அதிக நஞ்சாக இருந்ததையும் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். எனவே யுவிக்குப் பின்னால் எதுவுமே இல்லாமல் நேராகக் கால்வாயில் விடுவது எனக்கு உறுத்துகிறது, அது வெறும் யுவியானாலும் சரி, பெராக்சைடு சேர்த்தாலும் சரி.

நடுத்தர அழுத்த விளக்கு இன்னும் சக்திவாய்ந்தது, அதை எடுக்கலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. அது 200-லிருந்து 400 வரை பல அலைநீளங்களில் ஒளி விடும், சில மருந்துகளுக்கு நல்லதுதான். ஆனால் 240-க்குக் கீழே உள்ள ஒளி நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். காற்றை நன்றாக ஊதச் சொன்னோம், அதனால் நீரில் நைட்ரேட் கூடியிருக்கும், அதன் மேல் இந்த விளக்கை வைத்தால் புதுசாக ஒரு தலைவலி. மின்சாரத்தை ஒளியாக்கும் திறனும் அதற்குக் குறைவு. யுவி எல்இடி பாதரசம் இல்லாதது, வருங்காலம் அதற்கு இருக்கலாம், ஆனால் வாங்கும் மின்சாரத்தில் சொற்ப சதவீதம்தான் இப்போதைக்கு ஒளியாக வெளிவருகிறது, பாதரச விளக்கில் மூன்றில் ஒரு பங்கு வரும். குடிநீர்க் குழாய் முனைக்குச் சரி, 225 கன மீட்டருக்கு இல்லை.

வெயில் கேள்வியும் வரும், எப்போதும் வரும். நம் ஊரில் இவ்வளவு வெயில் அடிக்கிறதே, ஒரு குளம் வெட்டி விட்டால் போதாதா? 254 நானோமீட்டர் ஒளி வளிமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வருவதே இல்லை, 290-க்கு மேல்தான் வரும். டைக்ளோஃபினாக்குக்கு அதுவே போதும், சுவிட்சர்லாந்தின் கிரைஃபன் ஏரியில் அந்த மருந்து பெரும்பாலும் வெயிலில்தான் அழிகிறது என்று 1998-லேயே கண்டார்கள். மற்ற மருந்துகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஜார்ஜ்டவுனில் குளம் வெட்ட இடம் எங்கே இருக்கிறது என்பதையும் நிர்வாகத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

யுவியோடு பெராக்சைடு

இதன் வேலை நேரடியானது. ஹைட்ரஜன் பெராக்சைடு மூலக்கூறை ஒளி இரண்டாகப் பிளக்கும், வருவது ஹைட்ராக்சில் ரேடிக்கல், மிக வேகமாக வினைபுரியும் ஒரு துணுக்கு. அது எதிரே எது வந்தாலும் தாக்கும், கார்பமசெபைனையும் விடாது. பல மருந்துகள் ஒரே சமயத்தில் விழுவதால் மூன்று விலைப்பட்டியலில் 'எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து' என்று சொல்லிக்கொள்ள ஓரளவு உரிமை இதற்குத்தான் உண்டு. நெதர்லாந்தின் ஆன்டைக்கில் 2004-இல் ஏரி நீரைக் குடிநீராக்க இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள், அப்போது பெராக்சைடு லிட்டருக்கு 6 மில்லிகிராம், ஒளி 540 மில்லிஜூல், ஒரு கன மீட்டருக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம்.

ஆனால் அது ஏரி நீர், அதுவும் முன்பே வடிகட்டியது. கழிவுநீரில் இரண்டு இடங்களில் அடி விழும். ஒன்று, பெராக்சைடு 254-இல் ரொம்பச் சோம்பேறி. லிட்டருக்கு 10 மில்லிகிராம் கலந்தாலும் ஒரு சென்டிமீட்டரில் ஒளியின் ஒரு சதவீதம், ஒன்றேகால் சதவீதம்தான் அது பிடிக்கும், அதே தூரத்தில் தண்ணீரில் கரைந்திருக்கும் மற்றவை 35 சதவீதத்தை விழுங்கிவிடும். இரண்டு, பிறந்த ரேடிக்கலையும் அந்த மற்றவையே பிடுங்கிக்கொள்ளும். அது நல்லது கெட்டது பார்க்காது, எதிரே வந்தது மருந்தா சேற்றின் எச்சமா என்று அதற்குத் தெரியாது. நீரில் கரைந்த உயிர்க்கழிவின் மிச்சமான கரிமப் பொருளும் பைகார்பனேட்டும்தான் பெரிய திருடர்கள். இதில் நமக்கு ஒரு அனுகூலம் உண்டு, பினாங்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வரும் ஆற்று நீர் மென்மையானது, பைகார்பனேட் குறைவு, ஐரோப்பியச் சுண்ணாம்பு நீரைப்போல் அந்தப் பக்கம் இழப்பு இருக்காது. விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் உறையில் சுண்ணாம்பு படிவதும் குறையும். ஆகவே இங்கே கவலைப்பட வேண்டியது கரிமப் பொருளைப் பற்றித்தான், அதற்கு மறுபடியும் அதே பழைய தொட்டியைத்தான் சரி பண்ண வேண்டும்.

செலவு பார்ப்போம். ஒரு கன மீட்டர் நீரில் ஒரு பொருளைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க எத்தனை யூனிட் மின்சாரம் என்பதுதான் இந்தத் துறையில் ஒப்பிடும் அளவுகோல். யுவி பெராக்சைடுக்குப் பொதுவாக ஒரு யூனிட்டுக்குள் வரும், நம் நீருக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு 225 யூனிட், மாதம் 6,750. யூனிட் 45 சென் என்று போட்டால் மூவாயிரம் ரிங்கிட்டுக்குச் சற்று மேல். இதோடு விளக்கு மாற்றும் செலவு, பெராக்சைடு வாங்கும் செலவு. பெராக்சைடு அளவு பெரிதில்லை, நாளைக்கு 50 சதவீதக் கரைசல் நாலரை கிலோ, ஆனால் அதைப் பத்திரமாக வைக்க இடம் வேண்டும், கையாளத் தெரிந்த ஆள் வேண்டும், மருத்துவமனையின் தீயணைப்புப் பொறுப்பாளர் முகம் சுளிப்பார்.

போட்ட பெராக்சைடில் சிறு பகுதிதான் செலவாகும், மீதி நீரோடு வெளியே போகும். அதை அழித்தாக வேண்டும். எளிய வழி கரியின் மேல் ஓடவிடுவது. இதை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறது.

பட்டியலில் இல்லாதவை

குளோரினோடு யுவி: மின்சாரம் குறைவாகப் பிடிக்கும், சோடியம் ஹைப்போகுளோரைட் மருத்துவமனையில் ஏற்கெனவே இருக்கும். ஆனால் நீரில் அம்மோனியா மிஞ்சியிருந்தால் குளோரின் அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும், குளோரின் ஏறிய துணைப்பொருள்களும் வரும். நான் மருத்துவமனைக்குச் சொல்ல மாட்டேன்.

டைட்டானியம் டைஆக்சைடு: ஒளி பட்டால் மாசை உடைக்கும் தூள். 1972-இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் நேச்சர் இதழில் கட்டுரை வெளியிட்டதிலிருந்து ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை, நம் பல்கலைக்கழகங்களிலும் முதுகலை மாணவர் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறார்களோ என்று தோன்றும். சொன்ன அதே அளவுகோலில் இது பெரும்பாலும் 100 யூனிட்டைத் தாண்டுகிறது. தூளை நீரிலிருந்து திரும்பப் பிடிப்பது தனி வேலை. அடுத்தது.

ஓசோன்: சுவிட்சர்லாந்தில் டூபென்டார்ஃப் நகர நிலையம் 2014-இல் ஓடத் தொடங்கியது, இன்றைக்கும் பெரிய நிலையங்களுக்கு நல்ல தேர்வு, மின்சாரம் யுவி பெராக்சைடைவிடப் பல மடங்கு குறைவு. ஆயிரம் பேர் அளவுக்கு ஆக்சிஜன் உற்பத்தி, ஓசோன் கசிவு எச்சரிக்கைக் கருவி, பயிற்சி பெற்ற ஆள் என்று எல்லாம் சேர்த்தால் தலையைவிடத் தலைப்பாகை பெரிது. கடலோரக் கட்டடத்தில் குழாய் வழியாக உப்புநீர் கசிந்தால் அதிலுள்ள புரோமைடு, ஓசோன் பட்டு புரோமேட்டாக மாறும், அது புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள பொருள். பினாங்குத் தீவில் இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை.

எதிர்ச் சவ்வூடு பரவல்: எல்லாவற்றையும் பிடிக்கும், பிடித்ததை எங்கே கொட்டுவது என்ற கேள்வியோடு நம்மை விட்டுவிடும்.

கரித் தொட்டி

ஆக்டிவேட்டட் கார்பன் மருந்தை உடைக்காது, பிடித்து வைத்துக்கொள்ளும். துணைப்பொருள் பயம் இல்லை, மின்சாரம் ஒரு பம்புக்கு மட்டும். தேங்காய்ச் சிரட்டையிலும் செம்பனைக் கொட்டை ஓட்டிலும் இந்த நாட்டிலேயே கரி செய்கிறார்கள், கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும், சிரட்டைக் கரியில் மிக நுண்ணிய துளைகள் அதிகம், கழிவுநீரில் கொஞ்சம் பெரிய துளைகளும் சேர்ந்திருப்பது நல்லது, இல்லாவிட்டால் கரிமப் பொருள் வாசலிலேயே அடைத்துக்கொள்ளும். வாங்கும் முன் நம் நீரைக் கொண்டே சிறு குழாயில் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம்.

கணக்கு. நாளைக்கு 225 கன மீட்டர் என்றால் மணிக்கு ஒன்பதேகால் சொச்சம். நீர் கரியோடு 20 நிமிடம் இருக்க வேண்டும் என்றால் மூன்று கன மீட்டர் கரி போதும், ஒன்றரை டன். கரியின் கன அளவைப்போலப் பத்தாயிரம் மடங்கு நீர் ஓடியதும் மாற்ற வேண்டும் என்று வைத்தால் நாலரை மாதத்துக்கு ஒரு தடவை. கிலோ 6 ரிங்கிட் என்று எடுத்தால் ஒன்பதாயிரத்துச் சொச்சம், மாதத்துக்கு இரண்டாயிரம். இந்த ஆறு ரிங்கிட்டும் பத்தாயிரம் மடங்கும் நான் வைத்த எண்கள், உங்கள் நீரில் கரிமப் பொருள் அதிகம் என்றால் பாதியிலேயே மாற்ற வேண்டி வரும், நல்ல நீர் என்றால் இரண்டு மடங்கு ஓடும். பழைய கரியைக் குப்பையில் போட முடியாது, அது எஸ்டபிள்யூ 411 என்ற எண்ணில் அரசு அபாயகரமானதென்று பட்டியலிட்ட கழிவு, உரிமம் உள்ளவர் வந்துதான் எடுத்துப்போக வேண்டும், அந்தக் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எரிந்துபோன யுவி விளக்கும் அப்படித்தான், பாதரசம் இருப்பதால் எஸ்டபிள்யூ 109.

கரியின் பலவீனம் எது? கார்பமசெபைனை நன்றாகப் பிடிக்கும், இரத்தக்கொதிப்புக்கான மெட்டோப்ரோலோலையும் பிடிக்கும். சல்ஃபாமெதாக்சசோலும் அயோடின் சாய மருந்துகளும் சீக்கிரமே நழுவி வெளியே வந்துவிடும், மற்றவை இன்னும் பிடிபட்டுக்கொண்டிருக்கும்போதே. மேலே யுவி பகுதியில் எழுதியதை ஒருமுறை பாருங்கள். கரி விடுவதை யுவி பிடிக்கிறது, யுவி விடுவதைக் கரி பிடிக்கிறது.

இதனால்தான் 'எது சிறந்தது' என்று மூன்றையும் ஒரே தராசில் வைப்பது சரிவராது என்று அண்ணனிடம் சொன்னேன். எந்த வரிசையில், எப்போது என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது. என் பதில் இது: இந்த வருடம் தொட்டியையும் ப்ளோவரையும் சரி செய்து, ஒரு மணல் வடிகட்டி வைத்து, மூன்றாவது விலைப்பட்டியலில் உள்ள கரித் தொட்டியை வாங்குங்கள், ஒன்றை அல்ல, அதே மொத்தக் கரியை இரண்டு தொட்டியாகப் பிரித்து, ஒன்றன் பின் ஒன்றாக நீர் ஓடும்படி. முன் தொட்டி சோர்ந்ததும் அதை மட்டும் மாற்றி, பின் தொட்டியை முன்னால் கொண்டுவந்தால் கரி வீணாகாது. கரிக்கு முன்னால் யுவி வைக்க இரண்டு ஃபிளான்ஜும் (குழாயை இணைக்கும் வளையம்) மின் இணைப்பும் விட்டுவிடுங்கள். ஒரு வருடம் ஓடியபின் வெளிவரும் நீரில் சல்ஃபாமெதாக்சசோலும் சாய மருந்துகளும்தான் பிரச்சினை என்று பரிசோதனை சொன்னால் இரண்டாவது விலைப்பட்டியலை அப்போது எடுக்கலாம். மிஞ்சும் பெராக்சைடைக் கரி அழித்துவிடும், யுவி உடைத்த துண்டுகளில் பலவற்றைக் கரியில் வளரும் கிருமிகள் தின்னும். முதலிலேயே யுவி வாங்கி, அப்புறம் கரி வைக்கலாம் என்று தலைகீழாகப் போனால் இடைப்பட்ட காலத்தில் மாதம் மூவாயிரம் மின்சாரமும் போகும், துண்டுகளும் வெளியே போகும்.

சாய மருந்துக்கு இன்னும் மலிவான வழி ஒன்று இருக்கிறது, எந்திரமே இல்லை. சிடி ஸ்கேன் முடிந்த நோயாளியின் சிறுநீரில் ஒரு நாளைக்குள் கிட்டத்தட்ட முழுவதும் வெளியே வந்துவிடும் மருந்து அது. ஜெர்மனியில் நோயாளிகளுக்குச் சிறுநீர்ப் பை கொடுத்து, அதைத் திடக்கழிவோடு எரிக்க அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள், ரூர் பகுதியில் சாய மருந்தின் அளவு குறைந்தது. உள்நோயாளிக்கு இங்கேயும் செய்யலாம். வெளிநோயாளி பையோடு வீட்டுக்குப் போவாரா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை, அதுவும் பட்டர்வொர்த்துக்குப் படகில். அண்ணன் இதைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் தாதியர் தலைவியிடம் பேசுகிறேன் என்றார். காலாவதியான மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டாமல் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கும் திட்டம் ஏற்கெனவே உண்டு, அதை மருத்துவமனை மருந்தகச் சன்னலில் ஒட்டுவதற்கு ஒரு தாள் செலவு.

கோலாலம்பூரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தரைக்கடியில் இருக்கும் பந்தாய் 2 நிலையம் நாளைக்கு 3,20,000 கன மீட்டர் கையாளும் திறன் கொண்டது. அங்கே யுவி பெராக்சைடு வைத்து கன மீட்டருக்கு அரை யூனிட் என்றே போட்டாலும் நாளைக்கு 1,60,000 யூனிட், 45 சென்னில் 72,000 ரிங்கிட். வீட்டுக்குக் கழிவுநீர்க் கட்டணம் பல வருடம் மாதம் 8 ரிங்கிட்டாக இருந்து 2023-இல்தான் 10 ஆனது, அதற்கே எவ்வளவு புலம்பல். அந்த அளவில் நான் யுவியைப் பேசவே மாட்டேன், ஓசோனும் அதன் பின்னால் உயிரியல் வடிகட்டியும்தான், அல்லது தூள் கரி. மருத்துவமனைக்குச் சரிவரும் பதில் நகரத்துக்குச் சரிவராது.

விலைப்பட்டியல் கொடுப்பவரிடம் என்ன கேட்பது என்று அண்ணன் தனியாகச் சொல்லச் சொன்னார். உங்கள் நீரை எடுத்துப் போய்ச் சோதித்த எண் வேண்டும், வெளிநாட்டு விளம்பரத்தாள் எண் வேண்டாம். எந்தெந்த மருந்து என்று பெயர் எழுதித் தர வேண்டும், 'மருந்து மாசு' என்று மொத்தமாக எழுதினால் திருப்பி அனுப்புங்கள். ஐரோப்பியச் சட்டத்தில் 12 பொருள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது, கார்பமசெபைன், டைக்ளோஃபினாக், மெட்டோப்ரோலோல், வென்லாஃபாக்சின், ஹைட்ரோகுளோரோதையசைடு எல்லாம் அதில் உண்டு, குறைந்தது 6 பொருளையாவது அளந்து சராசரி 80 சதவீதம் குறைந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதையே ஒப்பந்தத்தில் எழுதுங்கள், சாய மருந்து ஒன்றையும் சல்ஃபாமெதாக்சசோலையும் சேர்த்து. யுவி என்றால் விளக்கு புதிதாக இருக்கும்போது உள்ள ஒளியைச் சொல்லாமல், ஆயுள் முடியும்போது உள்ள ஒளியை வைத்துக் கணக்குக் காட்டச் சொல்லுங்கள். குவார்ட்ஸ் உறையைத் தானே துடைக்கும் அமைப்பு இருக்கிறதா, இல்லாவிட்டால் யார் துடைப்பது, மாதத்துக்கு எத்தனை தடவை. அன்றாடம் மருந்தை அளக்க முடியாது, ஒவ்வொரு மாதிரிக்கும் ஆய்வகச் செலவு அதிகம், அதனால் 254-இல் நீர் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று காட்டும் மலிவான அளவி ஒன்றைத் தொட்டிக்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வந்தால் கரி சோர்கிறது என்று தெரிந்துவிடும், அப்போது மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

என் பதிலை மாற்றிக்கொள்ள வைக்கும் சூழ்நிலை ஒன்று உண்டு. சுத்திகரித்த நீரைக் குளிரூட்டும் கோபுரத்துக்கோ தோட்டத்துக்கோ திரும்பப் பயன்படுத்தப் போகிறோம் என்று நிர்வாகம் முடிவெடுத்தால், கிருமிநீக்கம் எப்படியும் தேவை, கரி கிருமியைக் கொல்லாது, சொல்லப்போனால் அதில் கிருமி வளரும். அப்போது முதல் விலைப்பட்டியலின் சின்ன யுவியைக் கரிக்குப் பின்னால், கடைசியில் வைக்க வேண்டும். 40 மில்லிஜூல் போதும், கரியைத் தாண்டிய நீர் தெளிவாக இருப்பதால் மாதத்துக்குச் சில நூறு ரிங்கிட்டுக்குள் மின்சாரம் அடங்கிவிடும், அதை வாங்கும்போது மருந்து நீக்கம் என்ற வரியை மட்டும் விலைப்பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.